ஜூரிக்குப் போன மகள்

வணக்கம் அம்மா,

என் மகள் டெக்சாஸில் இருக்கிறாள். போன வருடம்தான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. அதற்குள் ஜூரி வேலைக்கு வரச்சொல்லி நீதிமன்றத்திலிருந்து கடிதம். காலை எட்டு மணிக்குப் போனவளை நூறு பேரோடு ஒரு கூடத்தில் மாலைவரை உட்காரவைத்து, 'உங்கள் தேவை இல்லை, போகலாம்' என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் வேலை வீண் என்று போனில் புலம்பினாள். நல்லவேளை, நம் ஊரில் இந்தத் தொல்லை இல்லை என்று சொன்னேன். நம் நாட்டில் எப்போதாவது இது இருந்ததா? இருந்தால் ஏன் விட்டோம்?

க., மயிலாப்பூர்

அன்புள்ள க. அவர்களுக்கு,

இருந்தது. பாரிமுனைப் பக்கம் போகும்போது நீங்கள் பார்க்கிற அதே சிவப்புக் கட்டடத்தில், நம் உயர் நீதிமன்றத்தில், ஒன்பது சாதாரணக் குடிமக்கள் ஜூரியாக உட்கார்ந்து, கொலை வழக்குகளைக் கேட்டு, குற்றவாளியா இல்லையா என்று சொல்லியிருக்கிறார்கள்.

தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் சிறைக்கு அனுப்பியது அப்படி ஒரு ஜூரிதான். 1944 நவம்பரில் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் வேப்பேரியில் கத்திக்குத்துப்பட்டு மறுநாள் இறந்தார். அந்தக் கொலைக்குச் சதி செய்ததாக இருவர்மீதும் வழக்கு. ஒன்பது பேரில் ஆறு பேர் குற்றவாளிகள் என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. அந்நாளில் நமக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போன வழக்கு மறுவிசாரணைக்கு இங்கேயே திரும்பி வந்தது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். பாகவதரின் வீழ்ச்சியைப் பற்றி நம் வீடுகளில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். எனக்கு அந்த மூன்று பேரைப் பற்றித்தான் யோசனை. ஊரே அந்த வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், கூட இருந்த ஆறு பேரின் முகத்தைப் பார்த்து 'எனக்கு அப்படித் தோன்றவில்லை' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் யார், என்ன வேலை பார்த்தார்கள் என்றுகூட நமக்குத் தெரியாது.

ஏன் விட்டோம் என்று கேட்டால் எல்லோரும் நானாவதி வழக்கைச் சொல்வார்கள். 1959-ல் பம்பாயில் மனைவியின் காதலரைச் சுட்ட கடற்படை அதிகாரியை ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நிரபராதி என்றது. நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை, 1961-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆனால் அந்தக் கொலைக்கு முந்தைய வருடமே, 1958-ல், சட்ட ஆணையம் ஜூரி வேண்டாம் என்று பரிந்துரைத்துவிட்டது. நானாவதியால்தான் ஜூரி போயிற்று என்பது பாதி உண்மைதான். 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே தரப்படவில்லை.

அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் என்ன சாதி, எந்தத் தெரு என்று பார்க்காத ஒன்பது பேரை நம் ஊரில் சீட்டுக் குலுக்கி எடுத்துவிட முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

ஆனால் 'தொல்லை' என்றீர்களே, அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. நான் ஒரு முறை சாட்சி சொல்லப் போனேன். எங்கள் தெருமுனையில் நடந்த விபத்து, வண்டி மோதி ஒரு பையன் இறந்துபோனான். நான் பார்த்தேன், பார்த்ததைப் போலீஸிடம் சொன்னேன். இரண்டு வருடம் கழித்து சம்மன் வந்தது. பத்தரை மணிக்கு நகரத்து நீதிமன்றம் ஒன்றில் இருந்தேன். எங்கே உட்காருவது என்று யாரும் சொல்லவில்லை. வராண்டாவில் ஒரே ஒரு பெஞ்ச், அதில் வழக்குக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பையனின் அம்மா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒயர் கூடை. அதற்குள் பையனின் போட்டோ, தண்ணீர் பாட்டில், இறப்புச் சான்றிதழின் ஜெராக்ஸ் நாலைந்து. உள்ளேயிருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும்போதும் எழுந்து நின்று, தன் வழக்கு இல்லை என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்தார். "இன்னிக்கு முடிஞ்சிடுமாம்மா?" என்று என்னிடம் மூன்று தடவை கேட்டார். நாலு மணிக்கு எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை என்று வாய்தா போட்டார்கள். எங்கள் இரண்டு பேரிடமும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெஞ்ச் கிளார்க்கிடம் போய்க் கேட்டுத்தான் அடுத்த தேதியைத் தெரிந்துகொண்டோம்.

நம்மில் பெரும்பாலோருக்கு நீதிமன்றம் என்றால் இதுதான். குற்றம் சாட்டப்பட்டவராகப் போவோம், வழக்காடப் போவோம், சாட்சியாகப் போவோம். மூன்றிலும் ஒதுங்கி நிற்பவர்கள்தான். உங்கள் மகளை அழைத்தது தீர்ப்புச் சொல்ல. கிரீன் கார்டோடு இருந்த காலத்தில் அவள் ஜூரியில் உட்கார்ந்திருக்க முடியாது. குடிமக்களுக்கு மட்டும்தான் அந்த உரிமை. முன்பின் தெரியாத ஒருவனின் விதியை நீ முடிவு செய்யலாம் என்று அந்த நாடு அவளை நம்பியிருக்கிறது.

அவள் உட்கார்ந்திருந்த நேரமும் வீண் இல்லை. அங்கே மிகப் பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்குப் போகாமல் பேசித் தீர்க்கப்படுகின்றன. பல வழக்குகளில் அந்தச் சமரசம் கடைசி நிமிடத்தில், ஜூரி தயாராகக் காத்திருப்பது தெரிந்த பிறகுதான் நடக்கும். அந்தக் கூடத்தில் நூறு பேர் இருந்ததாலேயே யாரோ ஒருவருடைய வழக்கு அன்று முடிந்திருக்கலாம். அந்தத் தாய் மூன்று தடவை கேட்டாரே, அது அங்கே யாருக்கோ கிடைத்திருக்கும்.

அடுத்த முறை பேசும்போது மகளிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். மாலையில் அனுப்பும்போது அவர்களிடம் பேசியது யார், என்ன சொன்னார்? அதைத் தெரிந்துகொள்ள எனக்கு மிகவும் ஆசை.

அன்புடன்.