பாட்டிலின் அடியில் இருக்கும் வெள்ளை பூஞ்சையா? அதை விடுங்கள், அப்பாவின் பொட்டாசியத்தை இன்றே பாருங்கள்

முதலில் அப்பாவை அழைத்துப்போய் ஒரு ஈசிஜி எடுங்கள். இன்றே. கூடவே ரத்தத்தில் பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மீதியைப் போய்வந்து படிக்கலாம்.

நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும். உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்களே என்று அப்பாவுக்காக நீங்களே தைம், ஆரிகனோ, ரோஸ்மேரி, பார்ஸ்லி எல்லாம் காயவைத்து நொறுக்கி, பூண்டுப் பொடி சேர்த்து ஒரு கலவை செய்திருக்கிறீர்கள். ஆறு வாரமாக அவரும் அதைத்தான் எல்லாவற்றின் மேலும் தூவிச் சாப்பிடுகிறார். இப்போது பாட்டிலின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. அதைப் பார்த்துப் பயந்துபோய் இணையத்தில் தேட ஆரம்பித்து, பூஞ்சை நஞ்சில் தொடங்கிக் கல்லீரல் புற்றுநோய் வரைக்கும் போய்விட்டீர்கள். பன்னிரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள், ஆனால் கடிதம் முழுக்க இருப்பது ஒரே பயம்தான்: என் கையாலேயே அப்பாவைக் கெடுத்துவிட்டேனா?

பூஞ்சையால் இல்லை. அதை நம்பி நிம்மதியாக இருங்கள்.

நான் இரண்டு முறை படித்த வரிகள் வேறு. செய்முறையின் நடுவில், "உப்புக்குப் பதில் மாற்று உப்பு அரைக் கப்" என்று ஒரு வரி. அப்பாவுக்கு வயது 67, பல வருடமாகச் சர்க்கரை, பிபிக்கு டெல்மிசார்டன், போன வருடம் கிரியாட்டினின் "லேசாக அதிகம்" என்று இன்னொரு வரி. கடைசியில், ஏதோ போகிறபோக்கில் சொல்வது போல, கொஞ்ச நாளாகக் கால் கனக்கிறது என்கிறார், மாடிப்படியில் பாதியில் நின்று ஏறுகிறார், வயசாகிவிட்டது போல, வலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதுதான் எனக்குக் கவலை.

மாற்று உப்பு என்று விற்பதில் பெரும்பாலும் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. சிலவற்றில் கால் பங்கு, சிலவற்றில் கிட்டத்தட்ட முழுவதுமே அதுதான். முழுவதும் அதுவாக இருந்தால் ஒரு டீஸ்பூனில் இரண்டரை முதல் மூன்று கிராம் வரை பொட்டாசியம் உள்ளே போகும். ஒரு நாள் முழுக்கச் சாப்பாட்டிலிருந்து பெரியவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதே 3.5 கிராம்தான். ஒப்பிட்டுப் பார்க்க, அதே டீஸ்பூன் நிறைய உலர்ந்த இலையில் இருப்பது ஏறக்குறைய பத்து மில்லிகிராம். உங்கள் தைமும் ரோஸ்மேரியும் ஒரு பாவமும் செய்யவில்லை.

சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இது பிரச்சினையே இல்லை, கூடுதலாக வந்ததை வெளியே தள்ளிவிடும். உடம்பிலிருந்து பொட்டாசியம் போவதில் பத்தில் ஒன்பது பங்கு சிறுநீரகம் வழியாகத்தான். ஆனால் உங்கள் அப்பாவுக்கு அந்த வடிகால் ஏற்கெனவே கொஞ்சம் அடைபட்டிருக்கிறது. டெல்மிசார்டன் மிக நல்ல மருந்து, அவர் சிறுநீரகத்துக்கும் நல்லது, ஆனால் பொட்டாசியம் வெளியேறுவதைச் சற்றுக் குறைக்கும். அதன் மேல் நீங்களாக வாங்கிக் கொடுத்த டைக்ளோஃபெனாக், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையே குறைக்கும். கிரியாட்டினின் அதிகம் என்று ஒருமுறை சொல்லப்பட்டவருக்கு வலி மாத்திரையை யாரையும் கேட்காமல் வாங்கிக் கொடுக்காதீர்கள் என்று வாரத்துக்கு நாலு பேரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களிடமும் சொல்கிறேன்: அதை இப்போதே நிறுத்துங்கள்.

பொட்டாசியம் ஏறினால் பல பேருக்கு ஒன்றுமே தெரியாது, அதுதான் சங்கடம். தெரிகிறவர்களுக்குப் பெரும்பாலும் காலில்தான் முதலில் தெரியும்: கனம், தொய்வு, எழுந்து நிற்கத் தெம்பில்லாமை. ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது 6-ஐத் தாண்டினால் நாங்கள் யாரையும் சும்மா வீட்டுக்கு அனுப்ப மாட்டோம், 6.5 என்றால் ஓட்டம்தான். ஏனென்றால் இதயத் துடிப்பையே அது குலைக்கும். ஈசிஜியில் மெதுவாக வளைந்து இறங்க வேண்டிய ஒரு அலை, கூடாரம் போட்டது போலக் கூராக நிமிர்ந்து நிற்கும். அதைப் பார்த்தால் ரத்த முடிவுக்குக்கூடக் காத்திருக்காமல் கால்சியம் ஊசியைக் கையில் எடுத்துவிடுவோம். ஆனால் ஈசிஜி சரியாக இருக்கிறது என்பதற்காக ரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள், இரண்டும் வேண்டும். அப்பாவுக்கு இதுதான் என்று இங்கே உட்கார்ந்து நான் முடிவு கட்டவில்லை, கால் கனக்க நூறு காரணம் உண்டு. நேரத்தில் பிடித்தால் இதைச் சரிசெய்ய முடியும், ஆனால் நேரம் கடத்தினால் முடியாமலும் போகலாம், அதனால்தான் இத்தனை அவசரம்.

இடையில் அவருக்கு மயக்கம் வந்தாலோ, நாடி வழக்கத்தைவிட மெதுவாகவோ தாறுமாறாகவோ அடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காலைத் தூக்கவே முடியவில்லை என்றாலோ பரிசோதனைக் கூடத்துக்குப் போகாதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். இந்தக் கலவையை அவர் இனித் தொட வேண்டாம். பிபி மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், அதை அவர் மருத்துவர் பார்த்துக்கொள்வார். அப்புறம், மாற்று உப்பு வந்த பாக்கெட் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று எல்லாரும் கேட்பார்கள், என்ன உப்பு என்று கேட்க மறந்துவிடுவார்கள், நீங்களே சொல்லிவிடுங்கள்.

சரி, அந்த வெள்ளை. எனக்கு அது பூஞ்சையாகத் தெரியவில்லை, மாற்று உப்பின் துகளாகத்தான் இருக்கும். இலைத் தூள் லேசானது, உப்புத் துகள் கனமானது. ஒவ்வொரு தடவை பாட்டிலைக் குலுக்கும்போதும் உப்பு கீழே கீழே இறங்கும். கடைசி ஒரு வாரமாகக் கசக்கிறது என்று அவர் சொன்னதும் இதோடு பொருந்துகிறது, பொட்டாசியம் குளோரைடு அதிகமானால் உலோகம் நக்கியது போல ஒரு கசப்பு வரும். அப்படியென்றால் பாட்டில் தீரத் தீர அவர் கரண்டியில் விழுந்தது இலை குறைவு, பொட்டாசியம் அதிகம். வேண்டுமானால் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பாருங்கள்: இலை மிதக்கும், வெள்ளை கரைந்து காணாமல் போகும். பூஞ்சை கரையாது. அது பஞ்சு நூல் போல இலைகளைப் பிடித்துக் கட்டியாக்கும், மூடியைத் திறந்ததும் ஈரத்துணி வாடை அடிக்கும்.

நிஜமாகவே பூஞ்சை பிடித்தால் மேலாக வழித்துவிட்டு மீதியைப் பயன்படுத்த வேண்டாம், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், ஏனென்றால் அஃப்ளாடாக்ஸின் போன்ற நஞ்சுகள் சமையல் சூட்டில் முழுதாக அழியாது. அதனால் கல்லீரல் கெடுவது உண்மைதான், ஆனால் அது சரியாகக் காயாத தானியத்தையும் கடலையையும் வருடக்கணக்கில் தின்றவர்களின் கதை, ஆறு வாரம் சிட்டிகை சிட்டிகையாகத் தூவியவரின் கதை இல்லை. கல்லீரல் ஸ்கேன் வேண்டாம். நீங்கள் கேட்டிருந்த, "கல்லீரலைச் சுத்தம் செய்யும்" அந்த டானிக்கைத் தயவுசெய்து அப்பாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அதில் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. பார்ஸ்லியால் சிறுநீரகக் கல் வருமா? இந்த அளவில் வராது. பச்சை மங்கிப் பழுப்பானது? மணம் போயிருக்கும், அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு எல்லாரும் மாற்று உப்பைத் தூக்கி எறிய வேண்டாம். 2021-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், சீனக் கிராமங்களில் கிட்டத்தட்ட 21,000 பேரைப் பார்த்ததில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்புக்கு மாறியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில் அதைப் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோரை மட்டும் அதில் சேர்க்கவில்லை. அப்பா அந்த விலக்கில் வருகிறார்.

முடிவு தெரிந்த பிறகு புதிதாக ஒரு கலவை செய்யுங்கள், அவருக்கு அது பிடித்திருக்கிறதே. இந்த முறை எந்த உப்பும் வேண்டாம். மிளகும் உலர்த்திய எலுமிச்சைத் தோலும் கூடுதலாகப் போடுங்கள், புளிப்பு இருந்தால் உப்பில்லாதது அவ்வளவாக நாக்குக்குத் தெரியாது. பூண்டுப் பொடிக்குப் பதில் பூண்டு உப்பு வாங்கிவிடாதீர்கள். காம்பை வளைத்தால் பட்டென்று ஒடியும் வரை காயட்டும், வளைந்து கொடுத்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே பாட்டிலைக் கவிழ்த்துத் தூவாதீர்கள், ஆவி உள்ளே போகும், பூஞ்சை வருவது அப்படித்தான். உலர்ந்த கரண்டியில் எடுத்துப் போடுங்கள்.

பொட்டாசியம், கிரியாட்டினின் இரண்டு எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். போன வருட ரிப்போர்ட் இருந்தால் அதையும் சேர்த்து.