கூரைமேல் பங்குக்கோடு

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்துடன் காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் போய்வந்தோம். செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர்கள் எல்லாவற்றையும் பார்த்துப் பிரமித்தோம். ஆனால் எத்தனையோ வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, சில இடிந்து சரிகின்றன. தாத்தா கட்டிய அரண்மனையை இப்படி விட்டுவிட்டுச் சென்னையிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு மனம் உறுத்தாதா? அரசே இவற்றை எடுத்துக் காக்கக் கூடாதா? சிலர் ஹோட்டலாக்கியிருப்பது அவமானமாகப் பட்டது. ஒரு வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் நின்றுகொண்டு என் மகள், “இவ்வளவு பெரிய வீட்டில் யார் இருந்தார்கள்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நினைவுக்காக ஒரு பழைய கதவு நிலை வாங்கிவந்து வரவேற்பறையில் வைத்திருக்கிறோம்.

ச., கோவை

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டைப் பிரிக்கப் போகிறார்கள், ஓடு இறக்க ஆள் கிடைக்குமா என்று ஊரிலிருந்து கேட்டிருந்தார்கள். என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. என் தாய்மாமா ஓடு மாற்றும் கொத்தனார். அவர் இப்போது இல்லை. அந்த வேலை தெரிந்தவர்களும் அனேகமாக இல்லை.

முதலில் அந்தக் கதவு நிலை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் வாங்கியிருப்பீர்கள். வீடுகள் அழிகின்றனவே என்று புலம்பிவிட்டு, அழிந்த வீட்டின் வாசலைக் கொண்டுவந்து சோபாவுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். நிலையைப் பெயர்த்தெடுத்தால் அதன்மேல் நின்ற சுவர் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? அந்த வீடுகளைப் பிடிக்காதவன் எவனும் அந்தக் கடைகளுக்குள் நுழைவதில்லை. அவை நடப்பது உங்களைப் போன்ற ரசிகர்களின் காசில்.

தேக்கு, சலவைக்கல், வெள்ளைக்கரு எல்லாம் வழிகாட்டிகள் சொல்லட்டும். எனக்கு அவற்றில் அக்கறை இல்லை. அந்த வீடுகளை நான் முதலில் பார்த்தது மேலிருந்து. பள்ளி விடுமுறையில் மாமாவுக்கு ஓடு எடுத்துக்கொடுக்கும் எடுபிடி நான். கூரைமேல் நின்றால் முகப்பும் தூணும் தெரியாது. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் ஓட்டுப்பரப்பு, நடுவே வரிசையாக முற்றங்கள். நாலு பக்கச் சரிவும் முற்றத்தை நோக்கியே இறங்கும். பெய்யும் மழை உள்ளே விழுந்து, அண்டாக்கள் நிரம்பி, மீதி வாரிகால் வழியே வெளியேறும். அந்த வறண்ட சீமையில் கட்டியவர்கள் தெரிந்துதான் கட்டினார்கள்.

நாட்டு ஓட்டை மல்லாத்தியும் கவிழ்த்தும் அடுக்கியிருப்பார்கள். ஆணி கிடையாது. குரங்கு ஓடினால் ஒன்று நகரும். நகர்ந்த இடத்தில் சொட்டும் நீர் ஓட்டைத் தாங்கும் கைமரத்தில் ஊறும், பிறகு சுவருக்குள் இறங்கும். ஆகவே ஐப்பசி மழைக்கு முன்னால் ஆண்டுதோறும் ஓடு மாற்றியாக வேண்டும். ஓர் ஆண்டு தவறினால் சமாளிக்கலாம். பத்து ஆண்டு தவறினால் நீங்கள் பார்த்த இடிபாடு.

ஏன் தவறுகிறது? பேரப்பிள்ளைகளுக்கு மனம் இல்லை என்கிறீர்கள். மாமா வேலை செய்த ஒரு வீட்டில் ஓர் ஆச்சி இருந்தார். முற்றத்தைச் சுற்றிய வளவில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தபடி, “கொத்தனாரே, அது மூன்றாம் புள்ளி. அங்கே கை வைக்க வேண்டாம், அவர்கள் பங்குப் பணம் வரவில்லை” என்பார். புள்ளி என்றால் வீட்டில் பங்குள்ள ஒரு குடும்பம். மாமாவின் கை நின்றுவிடும். மாற்றிய ஓடு செம்மண் நிறத்தில், மாற்றாத ஓடு பாசி கறுத்து, நடுவில் நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு. அடுத்த ஆண்டு ஆச்சியின் அறைச் சுவரில் ஈரம் பரவியது. அவர் பங்கில் ஓர் ஓடுகூட நகரவில்லை. நீர் மூன்றாம் புள்ளியிலிருந்து கைமரம் வழியாக வந்திருந்தது. ஆச்சி மாமாவைத்தான் திட்டினார். கூலியிலும் பாதிதான் கிடைத்தது.

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வீட்டில் மகனுக்குக் கல்யாணமானால் அவன் ஒரு தனிப் புள்ளி. வளவை ஒட்டி ஓர் இரட்டை அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. வீடு மட்டும் பொது. வரவு ஓடிக்கொண்டிருந்த வரை இது அருமையான ஏற்பாடு. நாலு பிள்ளைக்கு மும்மூன்று பிள்ளைகள் என்றால் பன்னிரண்டு பங்கு. அதற்கடுத்த தலைமுறையில் ஒருவர் மலேசியாவின் ஈப்போவில், ஒருவர் நியூ ஜெர்சியில், ஒருவர் வழக்கில். வீட்டை விற்க எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அது இடிந்து விழ ஒருவர் கையெழுத்தும் வேண்டாம்.

உங்கள் மகளின் கேள்விதான் இந்தக் கடிதத்திலேயே உருப்படியானது. அவளிடம் சொல்லுங்கள்: பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும் இருந்தார்கள். ஆண்கள் மூன்று ஆண்டுக் கணக்கில் ரங்கூனிலும் மலாயாவிலும் லேவாதேவிக் கடைப் பெட்டியடியில் இருந்தார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான் வீடு நிறையும். மற்ற நாட்களில் மூன்றாம் கட்டில் ஆட்டுக்கல் சத்தம்.

அவள் கொஞ்சம் வளர்ந்ததும் இதையும் சொல்லுங்கள். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் பயிர் நிலத்தில் 6 சதவீதம் செட்டியார்களிடம் இருந்தது. 1937இல் அது 25 சதவீதம். ஆசைப்பட்டு வாங்கிய நிலம் அல்ல. நெல் விலை விழுந்து, கடன் அடைக்க முடியாத உழவர்களின் அடமானம் மூழ்கி வந்த நிலம். லேவாதேவிக்காரருக்கு வேண்டியது பணம், கிடைத்தது வயல். 1942இல் ஜப்பானியர் வந்தார்கள், விடுதலைக்குப் பிறகு பர்மா அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. அதோடு வரவு போயிற்று, ஓட்டுக்காசும் போயிற்று. தூணைத் தடவிப் பார்த்த நீங்கள் அந்த உழவனுக்கு ஒரு வரி ஒதுக்கவில்லை. போகட்டும், வழிகாட்டி சொல்லியிருக்க மாட்டார்.

அரசு எடுத்துக்கொள்வதா? முப்பது பங்குதாரரையும் தேடி எந்த அலுவலர் அலைவார்? 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறின. நல்லதுதான். பட்டியல் கூரையேறி ஓடு மாற்றாது.

ஹோட்டல் அவமானம் என்பதை என்னால் ஏற்க முடியாது. ஆண்டுதோறும் ஓடு மாற்றக் காசு கிடைக்கிற எந்த வழியும் எனக்குச் சம்மதம். பங்காளிகளை ஒரே மேசையில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கியவர் யாரோ, அவர் காலில் விழலாம். உங்கள் கடிதத்தின் கடைசி வரியை மேலே வெட்டிவிட்டேன், அங்கே அறை வாடகை அதிகம் என்று குறைபட்டிருந்தீர்கள். அடுத்த முறை முணுமுணுக்காமல் கொடுங்கள்.