எடுத்த கால் ஏன் நோகிறது? கண்ணாடிப் பயிற்சி மூளையில் என்ன செய்கிறது?

கேள்வி: "அப்பாவுக்குச் சீனி வருத்தத்தால் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இல்லாத பாதம் எரிகிறது, விரல்கள் முறுகுகின்றன என்கிறார். கண்ணாடி வைத்துச் செய்யும் பயிற்சி ஒன்று இருக்கிறதாம். அது உண்மையிலேயே மூளையில் ஏதாவது செய்யுமா, இல்லை மனதைத் தேற்றும் வேலைதானா?"

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். முன்பு கண்ணிவெடியிலும் ஷெல்லிலும் கால் போனவர்கள் வருவார்கள். இப்போது என்னிடம் வருகிறவர்களில் கூடுதலானோர் உங்கள் அப்பாவைப் போலச் சீனி வருத்தக்காரர்கள்தான். அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் அப்பாவுக்கு உண்மையாகவே நோகிறது. வீட்டில் யாரும் "அது உங்கட நினைப்பு" என்று சொல்ல வேண்டாம். உறுப்பை இழந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த நோ ஏதோ ஓர் அளவில் வருகிறது. பலர் வெளியே சொல்வதில்லை. சொன்னால் புத்தி பேதலித்துவிட்டது என்பார்களோ என்ற பயம். கழிப்புக் கழித்து, நூல் கட்டி, மாமாங்கக் கோயிலுக்கு நேர்த்தி வைத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் சிலர் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொல்லுவார்கள்.

இந்த நோ எங்கிருந்து வருகிறது? நம் மூளையின் மேற்பரப்பில் உடம்பின் வரைபடம் ஒன்று இருக்கிறது. கனடாவின் மொன்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர், நோயாளி விழித்திருக்கும்போதே மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு, எந்த இடம் எந்த உறுப்புக்கு உரியது என்று 1930களில் குறித்து வைத்தார். கைக்குரிய இடத்துக்குப் பக்கத்திலேயே முகத்துக்குரிய இடம் இருக்கிறது. பாதத்துக்குரிய இடம், இரண்டு மூளைப் பாதிகளும் சந்திக்கும் நடுப் பிளவுக்குள் இருக்கிறது. காலை எடுத்தாலும் அந்த இடம் போவதில்லை. சுனாமியில் நாவலடிப் பக்கம் சிலருடைய வளவைக் கடல் கொண்டுபோன பிறகும் காணி உறுதி பெட்டகத்துக்குள் இருந்ததே, அப்படித்தான் இதுவும்.

அந்த இடத்துக்கு என்ன நடக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே ஒரே கருத்து இல்லை. 1995ல் ஜெர்மனியின் ஹெர்ட்டா ஃப்ளோர் குழுவினர், கை இழந்தவர்களின் மூளையில் பக்கத்து இடம் கையின் இடத்துக்குள் எவ்வளவு புகுந்திருக்கிறதோ அவ்வளவுக்கு நோவும் கூடுதலாக இருக்கிறது என்று காட்டினார்கள். 2013ல் ஆக்ஸ்ஃபோர்டில் தமர் மேக்கின் குழுவினர் வேறு விதமாகக் கண்டார்கள்: நோ கூடியவர்களுக்குக் கையின் பழைய இடம் அழியாமல், இன்னும் உயிரோட்டமாகவே இருந்தது. நான் பார்க்கிற நோயாளிகளை வைத்து யோசித்தால் இரண்டாவதுதான் எனக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது. அவர்கள் சொல்லுவது மங்கிப்போன கால் ஒன்றைப் பற்றியல்ல. எந்த விரலின் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று துல்லியமாகச் சொல்லுவார்கள்.

கண்ணாடி யோசனையைக் கொண்டுவந்தவர் வி.எஸ். ராமச்சந்திரன். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் சான் டியேகோவில் ஆராய்ச்சி செய்தவர். 1990களின் நடுவில் அவர் பார்த்த சிலருக்கு, இல்லாத கை இறுகப் பொத்தியபடி, நகம் உள்ளங்கையில் பதிவது போல நொந்தது. விரிக்க முயன்றாலும் விரியவில்லை. அவர் தந்த விளக்கம் இது: "விரி" என்று மூளை கட்டளை அனுப்புகிறது. "விரிந்துவிட்டேன்" என்று திருப்பிச் சொல்லத் தசையும் இல்லை, மூட்டும் இல்லை. பதில் வராததால் கட்டளை மேலும் மேலும் போகிறது. நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி வைத்து இரண்டு கையையும் சேர்த்து விரிக்கச் சொன்னார். வராத பதிலைக் கண் கொண்டுபோய்க் கொடுத்தது. சிலருக்குப் பிடிப்பு அந்த இடத்திலேயே தளர்ந்தது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். படுவான்கரைப் பக்கத்து வேளாண்மைக்காரர் ஒருவர். அவருக்கும் இடது கால்தான். "மிஸ், பெருவிரல் மற்ற விரலுக்கு மேல ஏறி நிக்கிது. ஆராவது அத இறக்கி உடுங்க" என்றார். கட்டிலில் இருத்தி, கால்களுக்கு நடுவே நீளக் கண்ணாடியை நிறுத்தினேன். வட்டைச் சேற்றில் வெடித்த வலது குதிக்கால் கண்ணாடிக்குள் இடது குதிக்காலாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அந்த வெடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, இப்ப ரெண்டு காலாலயும் விரல விரிக்கிற மாதிரி மெதுவாச் செய்ங்க" என்றேன். மூன்று, நான்கு தரம் விரித்து மடக்கியவர், மனைவியைத் திரும்பிப் பார்த்து, "இறங்கிட்டுது புள்ள" என்றார். நோ அன்றைக்கே போய்விடவில்லை. இரவில் திரும்பவும் வந்தது. ஆனால் தொடர்ந்து செய்யச் செய்ய அவருக்கு நித்திரை கொள்ளும் அளவுக்கு இறங்கியது.

ஒருவருடைய கதையை வைத்து வைத்தியத்தை எடைபோட முடியாது. 2007ல் அமெரிக்காவின் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் கால் இழந்தவர்களை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழு கண்ணாடியைப் பார்த்துச் செய்தது, ஒரு குழு துணியால் மூடிய கண்ணாடி முன் செய்தது, ஒரு குழு கண்ணை மூடிக் காலை அசைப்பதாக மனதில் நினைத்தது. நாளுக்கு 15 நிமிடம், 4 வாரம். கண்ணாடி பார்த்த 6 பேருக்கும் நோ குறைந்தது. மூடிய கண்ணாடிக் குழுவில் 6 பேரில் ஒருவருக்கு மட்டுமே குறைந்தது. வெறுமனே நினைத்துப் பார்த்தவர்களில் கூடுதலானோருக்கு நோ கூடியது! மனதைத் தேற்றுகிற வேலைதான் என்றால் மூடிய கண்ணாடியும் அதே அளவு தேற்றியிருக்க வேண்டும். மிகச் சிறிய ஆய்வுதான், ஆனாலும் உங்கள் கேள்விக்கு நேரே பதில் தருகிறது.

மூளைக்குள் என்ன தெரிகிறது என்றால்: ஃப்ளோர் குழுவினர் 2014ல், கை இழந்தவர்களிடம் நான்கு வாரக் கண்ணாடிப் பயிற்சிக்குப் பிறகு நோ குறைந்ததோடு, உணர்வுப் பகுதியில் இடம் மாறிப்போயிருந்த செயற்பாடும் பழைய நிலையை நோக்கித் திரும்பியதை ஸ்கேனில் கண்டார்கள். பாரிசவாதம் வந்தவர்களிடமும் இது பார்க்கப்பட்டிருக்கிறது. அவர்கள் இரண்டு கையையும் அசைத்தபடி பிம்பத்தைப் பார்க்கும்போது, மூளையின் பின்மேற்பகுதியில், "இது என் உடம்பு, இது இங்கே இருக்கிறது" என்ற உணர்வோடு சம்பந்தப்பட்ட பிரிகியூனியஸ் என்ற இடம் கூடுதலாக இயங்குகிறது. சில வாரப் பயிற்சிக்குப் பிறகு, கையை அசைக்கும்போது நல்ல பக்கத்து மூளையே பெரும்பங்கு வேலையைச் செய்த நிலை மாறி, பாதிக்கப்பட்ட பக்கமும் தன் பங்கை எடுக்கத் தொடங்கியதை 2011ல் நெதர்லாந்து ஆய்வொன்று காட்டியது. பாரிசவாதத்துக்கான சான்று இப்போது நன்றாகவே சேர்ந்துவிட்டது. 2018ல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு 62 ஆய்வுகளை, மொத்தம் 1982 பேரை, சேர்த்துப் பார்த்து, கை கால் அசைவு மேம்பட உதவுகிறது என்று சொன்னது. அதுவும் மற்றப் பயிற்சிகளோடு சேர்த்துத்தான்.

உடம்பு எங்கே முடிகிறது என்பதை மூளை ஒவ்வொரு கணமும் கண்ணையும் தொடுகையையும் வைத்துத்தான் தீர்மானிக்கிறது. 1998ல் பொட்வினிக், கோஹன் இருவரும், ஒருவருடைய கையை மறைத்து, அவர் கண்முன்னே ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் ரப்பர் கையையே தன் கை என்று உணர்ந்தார். இதில் புத்திக்குறைவு எதுவும் இல்லை. நல்ல மூளை இப்படித்தான் வேலை செய்கிறது. கால் எடுத்தவர்களில் சிலருக்கு, இல்லாத பாதம் மெல்ல மெல்லச் சுருங்கி மேலே வந்து முழங்காலோடு ஒட்டிக்கொண்டது போல இருக்கும். கை இழந்தவர்களுக்கும் இப்படி வரும்; அப்படிச் சுருங்கியவர்களுக்குக் கண்ணாடிப் பயிற்சி குறைவாகவே பலன் தந்ததாக அதே 2014 ஆய்வு சொல்கிறது. எனவே அப்பாவிடம் "நோகுதா?" என்று மட்டும் கேட்காமல், "பாதம் எவ்வளவு தூரத்தில இருக்கிற மாதிரி இருக்கு?" என்றும் கேளுங்கள்.

வீட்டில் செய்வதானால், ஹார்ட்வெயாரில் நேரான கண்ணாடி ஒன்றை வெட்டி வாங்குங்கள். பாதத்திலிருந்து தொடை வரை தெரிகிற நீளம் வேண்டும். விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், அல்லது சட்டம் போடுங்கள். சீனி வருத்தக்காரருக்குக் காலில் சிறு வெட்டுக்கூட ஆகாது, அவருக்கு இருப்பது இனி ஒரு கால்தான். காலில் கயிறு, மோதிரம் எதுவும் இருந்தால் கழற்றிவிடுங்கள். நல்ல காலில் மட்டும் தெரிகிற அடையாளம் பிம்பத்தைச் "சொந்தக் கால்" என்று ஏற்க விடாது. எடுத்த கால் கண்ணாடிக்குப் பின்னால் முழுதாக மறைய வேண்டும். மெதுவாக, 15 நிமிடத்துக்கு மேற்படாமல், ஒவ்வொரு நாளும். டீவியை நிறுத்திவிடுங்கள். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கவும் வேண்டாம்.

முதல் நாளில் சிலர் அழுவார்கள். போன காலைத் திரும்பக் கண்டால் யாருக்குத்தான் வராது. பக்கத்தில் இருங்கள், அது அடங்கும். தலைசுற்று வந்தாலோ நோ கூடினாலோ அன்றைக்கு நிறுத்துங்கள். ஒவ்வொரு தரமும் கூடினால் விட்டுவிடுங்கள். இது எல்லோருக்கும் பொருந்தாது.

தொடங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். எடுத்த காலின் மிச்சப் பகுதியில் குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தட்டியவுடன் சுள்ளென்று மின்சாரம் போல ஏறுகிறதா, தோல் சிவந்து சூடாக இருக்கிறதா, நீர் வடிகிறதா? இருந்தால் அது நரம்பு முடிச்சாகவோ கிருமித் தொற்றாகவோ இருக்கலாம். கண்ணாடியை ஒரு பக்கம் வைத்துவிட்டு அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் காட்டுங்கள். நரம்பு நோவுக்கு டொக்டர் தந்த குளிசையையும் கண்ணாடி வந்துவிட்டது என்று நிறுத்த வேண்டாம். இரண்டும் சேர்ந்தே போகலாம்.