பத்திரிகை பெற்ற ஸ்டூடியோ

கேள்வி: ஜப்பானிய அனிமே (கார்ட்டூன் படங்கள்) ரசிகர் பத்திரிகைகள் என்று சென்ற இதழில் எழுதியபோது 'அனிமேஜ்' பெயரையும் சேர்த்திருந்தீர்கள். ஸ்டூடியோ ஜிப்ளி தன் படங்களை விற்க நடத்திய விளம்பர ஏடுதானே அது? இன்னொன்று, 'நௌசிகா' காமிக்ஸ் அதில் 1982 முதல் 1994 வரை வந்ததாமே. அந்த வருடங்களின் இதழ்களை மொத்தமாக வாங்கிவிட்டால் தொடர் முழுசாகக் கிடைத்துவிடுமா?

பதில்: முதலில் தேதியைப் பாருங்கள் ஐயா. அனிமேஜ் முதல் இதழ் கடைக்கு வந்தது 1978 மே 26. ஜிப்ளி தொடங்கியது 1985 ஜூன். ஏழு வயதுப் பிள்ளைக்கு நேற்றுப் பிறந்த குழந்தை தகப்பனாகுமா? நடந்தது அப்படியே தலைகீழ்.

'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' 1974-75இல் டிவியில் சரியாக ஓடாமல் 26 பகுதிகளோடு முடிந்த தொடர். அதை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் ரசிகர் மன்றத்துப் பிள்ளைகள். 'அவுட்' என்ற புதுப் பத்திரிகை தன் இரண்டாவது இதழிலேயே (ஜூன் 1977) யமாட்டோவுக்குச் சிறப்புப் பகுதி போட்டது. ஆகஸ்டில் அதன் திரைப்பட வடிவம் வந்ததும் கூட்டம் அலைமோதியது. டோகுமா ஷோட்டன் பதிப்பகம் வெளியிட்ட யமாட்டோ சிறப்பு மலரும் நன்றாக விற்றது. அங்கே ஆசிரியராக இருந்த ஹிதெயோ ஒகாதா, இனி மாதப் பத்திரிகையே போடலாம் என்று இறங்கினார். அதைத் தயாரிக்க வேண்டியிருந்த வெளிக்குழு கைவிட்டுப்போக, கிசுகிசு வார இதழில் வேலை பார்த்த தோஷியோ சுசுகியின் தலையில் அது விழுந்தது. கையில் இருந்ததோ ஏறத்தாழ மூன்று வாரம். அனிமே பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பள்ளி மாணவிகளான ரசிகைகளை உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டுத்தான் இதழைத் தயாரித்தார். ரசிகர் பத்திரிகை என்று எழுதியதற்கு இந்த ஒன்றே போதும்.

முதல் இதழுக்காக 1968ஆம் ஆண்டுப் படமான 'ஹோருஸ்' பற்றிப் பேசக் கேட்டு சுசுகி போன் செய்தார். இயக்குநர் இசாவோ தகஹாதா, தான் ஏன் பேட்டி தர மாட்டேன் என்பதையே ஒரு மணி நேரம் விளக்கினார். அதே படத்தில் வேலை பார்த்தவரும் பின்னால் நௌசிகாவை வரைந்தவருமான ஹயாவோ மியாசாகி பக்கத்தில் இருந்தார். அவரோ, "16 பக்கம் தந்தால் பேசுகிறேன்" என்றார். பேட்டி நடக்கவில்லை, தொடர்பு மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஆகஸ்ட் 1981 இதழில் மியாசாகிக்குச் சிறப்புப் பகுதி வந்தது. அவருடைய படத் திட்டத்தை டோகுமாவிடம் கொண்டுபோனபோது, மூலக்கதை இல்லாத படத்துக்குப் பணம் கிடையாது என்று திருப்பி அனுப்பினார்கள். சரி, மூலக்கதையை நாமே உண்டாக்குவோம் என்று பிப்ரவரி 1982 இதழில் நௌசிகாவைத் தொடங்கினார்கள். அது 1984 மார்ச் 11இல் டாப்கிராஃப்ட் ஸ்டூடியோவின் தயாரிப்பில் படமானது. அடுத்த படமான 'லபூட்டா'வுக்காக டோகுமா பணத்தில் பிறந்ததுதான் ஜிப்ளி.

உங்கள் சந்தேகத்தில் கொஞ்சம் நியாயம் இருப்பது அதற்குப் பிறகுதான். சுசுகி 1986இல் பத்திரிகையின் தலைமை ஆசிரியரானார். 1989இல் முழுநேரமாக ஜிப்ளிக்கே போனார். நடுவில் இரண்டு வேலையும் ஒரே மேசையில். படத்தைத் தயாரிக்க உதவுகிறவரே அதைப் பற்றிய பக்கங்களையும் தீர்மானித்தால் விமர்சனம் எப்படிக் காரமாக இருக்கும்? வாசகர் வாக்கெடுப்பில் 1984க்கு நௌசிகாவும் 1988க்கு ஜிப்ளியின் 'தொதொரோ'வும் ஜெயித்தன. தகுதியான படங்கள்தாம். ஆனாலும் வாக்களித்தவர்கள் மாதாமாதம் எதைப் படித்து வந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இனி உங்கள் பணம். பிப்ரவரி 1982 முதல் மார்ச் 1994 வரை மொத்தம் 146 இதழ்கள். தொடரில் 59 அத்தியாயங்கள்தான். மியாசாகி படம் எடுக்கப் போகும்போதெல்லாம், அதாவது நான்கு முறை, தொடர் நின்றது. வந்த காலங்கள் இவை: பிப்ரவரி 1982 - ஜூன் 1983, ஆகஸ்ட் 1984 - மே 1985, டிசம்பர் 1986 - ஜூன் 1987, ஏப்ரல் 1990 - மே 1991, மார்ச் 1993 - மார்ச் 1994. கூட்டினால் 61 இதழ்கள். அதற்குள்ளும் ஒன்றிரண்டு மாதம் விடுபட்டிருக்கிறது. மொத்தமாக வாங்கினால் 85 இதழ்களுக்கு வீண்செலவு.

இதழின் மேல் அச்சிட்ட மாதம் வேறு, கடைக்கு வந்த மாதம் வேறு. முதல் இதழே மே மாதம் வந்து, ஜூலை என்று போட்டுக்கொண்டது. மேலே தந்தவை அட்டை மாதங்கள். விற்பவரிடமும் அதையே கேளுங்கள். 'ஃபுரோகு நாஷி' என்று குறித்திருந்தால் இலவச இணைப்பு இல்லை. 'கிரிநுகி' என்றால் பக்கம் வெட்டப்பட்டிருக்கிறது. ரசிகர்கள் சுவரில் ஒட்ட வெட்டிய பக்கத்தின் பின்புறத்தில் உங்களுக்கு வேண்டியது இருந்திருக்கலாம். முதுகுப் பசை காய்ந்த இதழை அகல விரித்தால் தாள்கள் கையோடு வந்துவிடும். ஸ்கேனரில் வைத்து அழுத்தாதீர்கள்.

கதை படிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் பழுப்பு மையில் அச்சான 7 தொகுதிகள் போதும், விலையும் குறைவு. ஆனால் புத்தகமாக்கும்போது மியாசாகி ஆங்காங்கே திருத்தினார். திருத்தாத வடிவம் வேண்டுமென்றால்தான் இதழ்களைத் தேட வேண்டும். அப்போதும் 1982இல் தொடங்காதீர்கள், அதற்குத்தான் போட்டி அதிகம். 1990-91இன் 14 மாதங்களை முதலில் சேருங்கள்.