ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல் உடைந்தால் எடுத்தே ஆக வேண்டுமா?

நான்கு வருடங்களுக்கு முன் ரூட் கெனால் செய்து, கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) போடாமல் விட்ட கடைவாய்ப் பல் உடைந்துவிட்டது, வலி இல்லை, இரண்டு பல் மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதே பிடுங்கச் சம்மதிக்காதீர்கள். ஒரு மருத்துவர் எடுக்கச் சொல்கிறார், மற்றவர் கேப் போடலாம் என்கிறார் அல்லவா? இருவரிடமும் இதைக் கேளுங்கள்: "சொத்தையையும் பழைய அடைப்பையும் சுரண்டிய பிறகு, ஈறுக்கு மேலே எவ்வளவு நல்ல பல் மிஞ்சும்?" சுற்றிலும் ஏறக்குறைய 2 மி.மீ. இருந்தால் கேப் பிடித்து நிற்கும். அதைவிடக் குறைந்தால், எவ்வளவு விலையுள்ள கேப்பும் சில மாதங்களில் கழன்று கையோடு வரக்கூடும்.

பல் உடைந்ததற்கு, நான்கு வருடங்களாகக் கேப் போடாமல் விட்டதுதான் பெரும்பாலும் காரணம். குடைந்து அடைத்த கடைவாய்ப் பல்லின் சுவர்கள் மெலிந்திருக்கும். அது உடைய ஒரு வறுத்த பட்டாணி போதும். வலி இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். உள்ளே நரம்பு இல்லாததால், பிரச்சினை இருந்தாலும் வலிக்காமல் போகலாம்.

இன்றிரவு கண்ணாடி முன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

1. உடைந்த விளிம்பு ஈறுக்கு மேலே தெரிகிறதா, உள்ளே போய்விட்டதா?
2. அந்தப் பல்லருகே ஈறில் பருப் போல் ஒரு புடைப்பு இருக்கிறதா? அழுத்தினால் சீழ் கசிகிறதா?

விளிம்பு சற்று உள்ளே போயிருந்தாலும் ஈறைச் சீரமைத்துக் காப்பாற்ற வழி உண்டு. சீழ் இருந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். அதற்கு மறு சிகிச்சை உண்டு. ஆனால் வேர் நெடுக விரிசல் விட்டிருந்தால் எடுப்பதே சரி. அந்த விரிசல் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடைவெளியின் ஆழத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுங்கச் சிரமமானாலோ காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.