வாசகர் கேள்வி - பதில்: கிட்னிக்கு எம்ஆர்ஐ எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது, ஹார்பரில் மூட்டை தூக்குகிறார். வயிற்று வலி என்று அல்ட்ராசவுண்ட் எடுத்ததில் இடது கிட்னி சின்னதாக இருப்பதாக வந்திருக்கிறது. கிரியாட்டினின் 1.1 தான், நார்மல் என்கிறார்கள். எதை நம்புவது? எம்ஆர்ஐ எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார் என் நாத்தனார்.
- வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: ரெண்டையும் நம்புங்கள் அம்மா, ரெண்டும் உண்மைதான். உங்கள் எம்.சி. ரோட்டில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு துணிக்கடை நடத்துகிறார்கள் என்று வையுங்கள். ராத்திரி கல்லாவை எண்ணினால் அன்றைய வியாபாரம் எவ்வளவு என்று தெரியும். அண்ணன் மட்டும் நின்று விற்றாரா, தம்பி உள்ளே உட்கார்ந்து செல்போன் நோண்டினாரா என்பது கல்லாவுக்குத் தெரியாது. ரத்தத்தில் சேர்ந்து, கிட்னி வெளியேற்றும் கழிவுதான் கிரியாட்டினின். அதன் அளவு அந்தக் கல்லா மாதிரி. ஒரு கிட்னி சோர்ந்தால் மற்றது அதன் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும். கிட்னி தானம் கொடுத்தவர்கள் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு நடமாடுகிறார்களே, அவர்களில் பலருக்குக் கிரியாட்டினின் கொஞ்சம்தான் ஏறியிருக்கும்.

எது எவ்வளவு வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்க டாக்டர்கள் வழக்கமாக எழுதிக் கொடுப்பது டிடிபிஏ ஸ்கேன். துளி கதிரியக்க மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றிவிட்டு, அது ரெண்டு கிட்னிக்குள்ளும் போய் வெளியே வருவதைக் கேமராவில் பார்ப்பார்கள். ஏறத்தாழ பாதிக்குப் பாதி இருந்தால் சரி. உங்கள் நாத்தனார் சொன்னதும் தப்பில்லை, இதை எம்ஆர்ஐயிலும் செய்யலாம்: கடோலினியம் என்ற மருந்தை ஏற்றி, சில வினாடிக்கு ஒரு படம் என்று எடுத்துக்கொண்டே போனால், மருந்து முதலில் வெளிப்பகுதியில் பளிச்சென்று தெரியும், அப்புறம் உள்ளே இறங்கும், பிறகு சிறுநீர்க் குழாய்க்கு வரும். கதிர்வீச்சு கிடையாது. ஆனால் அந்தப் படங்களை எண்ணாக மாற்றும் கணக்கை ஆளுக்கொரு விதமாகப் போடுகிறார்கள், அதனால்தான் எங்கும் சகஜமாகவில்லை. நீங்களாக ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போய் 'கிட்னிக்கு எம்ஆர்ஐ' என்று கேட்டால் அதன் உருவத்தை எடுத்துக் கொடுப்பார்கள், வேலையை அல்ல. காசுக்குக் கேடு.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவு இருக்கிறது, ரிப்போர்ட்டோடு அங்கே போங்கள். பிபியையும், யூரினில் புரோட்டீன் போகிறதா என்பதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள், ஏனென்றால் சுருங்கிய கிட்னி சில பேருக்கு பிபியை ஏற்றிவிடும். மூட்டை தூக்குகிறவர், உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாகவே மாத்திரை வாங்கிப் போடுகிறாரா? வலி மாத்திரைகளில் சில கிட்னியைக் கெடுக்கும். அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், டாக்டரிடம் சொல்ல மாட்டார்.

கேள்வி: ஊசியே போடாமல் எம்ஆர்ஐயில் கிட்னி வேலை செய்வதைப் பார்க்கலாம் என்று என் அக்கா சொல்கிறாள். எப்படி சார்?
- மாணவர், வியாசர்பாடி

பதில்: முடியும் தம்பி, இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமே அதுதான். எம்ஆர்ஐ மெஷின் என்பது ஒரு பெரிய காந்தம். ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டிருக்கும்வரை அந்தக் காந்தத்துக்கு அசையாது. அதை இறக்கி வைத்ததும் லேசாகக் காந்தத்தன்மை வந்து, பக்கத்தில் வரும் சிக்னலைக் குலைக்கும். குலைந்த இடம் எது என்று பார்த்தால் ஆக்சிஜன் குறைந்த இடம் எது என்று தெரிந்துவிடும். ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1990-ல் எலி மூளையில் காட்டியதை, 1996-ல் பிரசாத் என்பவரும் கூட்டாளிகளும் மனிதக் கிட்னியில் செய்து காட்டினார்கள்.

கிட்னி ஒரு வேடிக்கையான உறுப்பு. இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, நிமிஷத்துக்குச் சுமார் 1 லிட்டர், ரெண்டு கிட்னிக்கும் போகிறது, ஆனாலும் அதன் உள்பகுதி எப்போதும் ஆக்சிஜன் பற்றாக்குறையின் விளிம்பிலேயே இருக்கிறது. காரணம் உப்பு. ஒரு நாளைக்கு வடிகட்டப்படும் நீர் சுமார் 180 லிட்டர், வீட்டுக்கு வருகிற தண்ணீர் கேனில் 9 கேன். வெளியே போவது ஒன்றரை லிட்டர்தான். மிச்சத்தைத் திரும்ப உள்ளே எடுக்க உப்பை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு ஆக்சிஜன் செலவாகிறது. பிரசாத் குழு, சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் லேசிக்ஸ் மருந்தில் இருக்கும் ஃபுரோசமைடைக் கொடுத்துப் பார்த்தது. அது உள்பகுதியில் நடக்கும் அந்த இறைப்பை நிறுத்தும். சில நிமிஷத்தில் உள்பகுதியில் ஆக்சிஜன் ஏறியது படத்திலேயே தெரிந்தது! (காசிமேட்டுக் கருவாட்டுப் பிரியர்கள் என்னை முறைக்க வேண்டாம், நானும் சாப்பிடுகிறவன்தான்.) ரத்தத்தில் இருக்கும் நீரையே அடையாளம் போட்டு அனுப்பி, கிட்னிக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று அளக்கும் முறையும் உண்டு. எல்லாம் பெரும்பாலும் ஆராய்ச்சியில்தான். தண்ணீர் குடித்துவிட்டு வந்தால்கூட அளவு மாறுகிற சமாசாரம் இது.

கேள்வி: அம்மாவுக்கு வாரம் ரெண்டு டயாலிசிஸ். கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எம்ஆர்ஐ எடுத்தால் தோல் கல்லாகிவிடுமாமே?
- வாசகர், எண்ணூர்

பதில்: கட்டுக்கதை இல்லை, அப்படி ஒரு நோய் உண்டு. கான்ட்ராஸ்ட் ஊசியில் இருக்கும் கடோலினியத்துக்கும் அதற்கும் இருக்கும் தொடர்பு 2006-ல் வெளிப்பட்டது. கிட்னி வேலை செய்யாதவர்கள் உடம்பில் மருந்து தங்கி, தோல் தடித்து இறுகிப் போனது. பழைய ரக மருந்துகளில்தான் அது அதிகம். இப்போது சிபாரிசு செய்யும் ரகங்களில் மிக அபூர்வம். டயாலிசிஸ் நடக்கிறது என்பதை அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லுங்கள், ஊசி அவசியம் என்றால் அடுத்த டயாலிசிஸுக்குக் கொஞ்சம் முன்னால் வருகிற மாதிரி நேரம் வைப்பார்கள்.

கேள்வி: லேத்தில் வேலை. கண்ணில் இரும்புத்தூள் விழுந்து எடுத்திருக்கிறேன். எம்ஆர்ஐ எடுக்கலாமா?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: எழுதிக் கேட்டீர்களே, அதுவே பெரிய காரியம். துணுக்கு ஏதாவது மிச்சம் இருந்தால் அந்தக் காந்தம் அதைக் கண்ணுக்குள்ளேயே நகர்த்திவிடும். முதலில் கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள், 'பத்து வருஷம் ஆச்சு' என்று மறைக்காதீர்கள். தாயத்து, அரைஞாண் கொடி எல்லாம் கழற்ற வேண்டும். வயிற்றுப் பகுதி எடுக்கும்போது 'மூச்சை வெளியே விடுங்க, அப்படியே நிறுத்துங்க' என்று பத்துப் பதினைந்து தடவை சொல்வார்கள், மூச்சு விட்டால் கிட்னியும் சேர்ந்து நகரும் என்பதால்தான். முதல் நாள் ராத்திரி வீட்டில் பழகிவிட்டுப் போங்கள். துணைக்கு மனைவி அந்த அறைக்குள் வருவதாக இருந்தால் தாலிக்கயிற்றில் கோத்து வைத்திருக்கும் ஊக்குகளை முதலில் கழற்றச் சொல்லுங்கள். அந்தக் கொத்து விறைத்துக்கொண்டு மெஷின் பக்கம் நீள்வதை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.