எம்ஆர்இ பாக்கெட்டுக்கு மார்க் போட்ட கதை: கேளுங்க, சொல்றேன்

எம்ஆர்இன்னா (Meal, Ready-to-Eat) அமெரிக்க ராணுவம் சிப்பாய்ங்களுக்குக் குடுக்கற, பிரிச்சு அப்படியே திங்கற சாப்பாட்டுப் பொட்டலம். அதுல சில்லி மேக்ரோனி மெனுவுக்கு பத்துக்கு ஏழரை போட்டேன், அதுக்கு இவ்ளோ கேள்வியான்னு ஆயிடுச்சு. எனக்கு உருப்படியா தெரிஞ்சது அமெரிக்க ராணுவத்தோட எம்ஆர்இ மட்டும்தான், டெக்சாஸ்ல இருக்கேன், ராணுவ மிச்ச சாமான் விக்கற சர்ப்ளஸ் கடைல கிடைக்குது. ரஷ்யா, பிரான்ஸ் பாக்கெட்லாம் வேற யாராச்சும் சொல்லட்டும்.

கே (மதுரை): அண்ணா, உள்ள என்னதான் இருக்கும்? டப்பா சாப்பாடா?

ப: டப்பா சாப்பாடு காலம் 1981-லயே முடிஞ்சுது தம்பி. இப்ப கெட்டியான பழுப்பு பிளாஸ்டிக் பை, அதுக்குள்ள மெயின் ஐட்டம் ஒரு ஃபாயில் பவுச்ல, கூட கிராக்கர், சீஸ் ஸ்ப்ரெட் இல்லன்னா பீனட் பட்டர், ஏதாவது ஒரு ஸ்வீட், காபித்தூள், உப்பு, சூயிங்கம், தீக்குச்சி, டிஷ்யூ, நீளமா ஒரு ஸ்பூன். மொத்தம் 1,250 கலோரி கிட்ட வரும். இப்ப 24 மெனு இருக்கு, பெட்டிக்கு 12.

கே (கோவை): ஏழரைன்னு எந்தக் கணக்குல போட்டீங்க? அவங்கவங்க நாக்கு வேற இல்லையா?

ப: நல்ல கேள்வி. நான் எதையும் ரெண்டு தடவை தின்னுவேன், பாதி சூடு பண்ணாம, பாதி சூடு பண்ணி. களத்துல பல சமயம் பாக்கெட்டோட வர்ற ஹீட்டர் பையைப் போட நேரம் இருக்காது, சூடு பண்ணாம அப்படியே ஸ்பூன் விட்டு திங்கற சாப்பாடு இது, அதனால ஆறிப்போனது எப்படி இருக்குங்கறதுதான் எனக்கு பாதி மார்க். சில்லி மேக் (இது மாட்டுக்கறி, வேணாங்கறவங்க கவனிங்க) ஆறிப்போனா கொழுப்பு உறைஞ்சு பவுச் ஓரத்துல ஆரஞ்சு கலர்ல பிசுபிசுன்னு ஒட்டும், ஆனா மேக்ரோனி குழையாம இருந்துச்சு, காரமும் அப்படியே. சூடு பண்ணதும் அந்தக் கொழுப்பு கரைஞ்சு குழம்பாயிடுது. சீஸ் ஸ்ப்ரெட்டை பிரிக்கறதுக்கு முன்னாடியே நல்லா பிசையணும், இல்லன்னா முதல்ல எண்ணெய் மட்டும் வந்து சட்டையில ஊத்தும். அதை சில்லி மேக்ல பிழிஞ்சு கலந்தா எட்டு. கிராக்கர் மட்டும் தின்னா நாலு, தண்ணி இல்லாம தொண்டைல இறங்காது.

இன்னொன்னு, தேதியும் எங்க வெச்சிருந்ததுங்கறதும் சொல்லாம யார் மார்க் போட்டாலும் நம்பாதீங்க. 27 டிகிரில 3 வருஷம் தாங்குறது 38 டிகிரில ஆறே மாசம்தான். கார் டிக்கில கிடந்த பாக்கெட்டும் ஏசி குடோன்ல இருந்த பாக்கெட்டும் ஒரே மெனுவா இருந்தாலும் ஒண்ணு இல்ல.

கே (திருநெல்வேலி): ஹாஸ்டல் ரூம்ல ஹீட்டர் யூஸ் பண்ணலாமா?

ப: ஜன்னல் திறந்து வைங்க, பக்கத்துல சிகரெட், ஊதுபத்தி, விளக்கு எதுவும் கூடாது. ஹீட்டர் பையில மக்னீசியம், இரும்புத்தூள், உப்பு இருக்கு, கோடு வரைக்கும் கொஞ்சூண்டு தண்ணி விட்டா கொதிச்சு ஆவி வரும், கூடவே ஹைட்ரஜன் வாயு வரும், அது தீப்பிடிக்கற சமாச்சாரம். பூட்டின கார்ல, டென்ட்டுக்குள்ள வேணவே வேணாம். பன்னெண்டு நிமிஷத்துல சாப்பாட்டோட சூடு முன்ன இருந்ததை விட 55 டிகிரி கிட்ட ஏறும். பவுச்சை சாய்ச்சு வைக்கணும், அட்டையிலயே "பாறை அல்லது ஏதாவது" மேல சாய்ங்கன்னு படம் போட்டிருக்கும், சீரியஸா.

கே (சென்னை): ஏசி ரூம்ல சோபாவுல உக்காந்து ராணுவ சாப்பாட்டுக்கு மார்க் போடறதே காமெடி சார். எங்க மாமா இந்திய ராணுவத்துல இருந்தவர், பசிச்சா சூஜி (ரவை) அல்வா பொட்டலமே அமிர்தம்னு சொல்வார். பசிதான் ருசி.

ப: மாமா சொன்னது சரி. ஆனா அதை வெச்சு மார்க்கே தப்புன்னு ஒத்துக்க மாட்டேன். பசி எல்லாத்தையும் ருசியாக்கும்னா சீஸ்-காய்கறி ஆம்லெட் மெனு ஏன் செத்துச்சு? 2005 வாக்குல வந்தது, சிப்பாய்ங்க அதுக்கு வாந்தின்னு அர்த்தம் வர்ற மாதிரி பேர் வெச்சாங்க, சில வருஷத்துலயே தூக்கிட்டாங்க. பசில இருந்தவங்கதான் தூக்க வெச்சது, என்னை மாதிரி சோபா ஆளுங்க இல்ல. ரோந்து கிளம்பறதுக்கு முன்னாடி பாக்கெட்டை பிரிச்சு புடிச்சதை மட்டும் பைல போட்டுட்டு மிச்சத்தை விட்டுட்டுப் போறது அங்க சகஜம். விட்டுட்டுப் போன கலோரி எவன் வயித்துக்கும் போகல. அதனாலதான் மாசசூசெட்ஸ்ல இருக்கற ராணுவ ஆராய்ச்சிக்கூடம், நேட்டிக் லேப்காரங்க சிப்பாய்ங்க கிட்டயே கேட்டுக் கேட்டு மெனுவை மாத்தறாங்க.

கே (தஞ்சாவூர்): சென்னைக்காரர் சொன்னதுக்கு என் ஆதரவு. நம்ம சூஜி அல்வாவை அடிச்சுக்க ஆளில்ல, அமெரிக்காக்காரன் பாஸ்தா எல்லாம் சப்புன்னு இருக்கும்.

ப: ருசி சண்டைக்கு நான் வரல, ஆனா அந்த அல்வாவுக்குப் பின்னாடி இருக்கறது மைசூர் டிஎஃப்ஆர்எல், அதாவது நம்ம பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு டிஆர்டிஓவோட உணவு லேப், 1961-ல ஆரம்பிச்சது. 1984-ல ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனப்ப சாப்பாடு அங்கேருந்துதான் போச்சு. இன்னிக்கு கடைல வாங்கற ரெடி டு ஈட் பவுச்லயும் அதே ரிட்டார்ட் முறைதான், பவுச்சை சீல் பண்ணிட்டு அப்புறம் சுமார் 121 டிகிரில வேக வெச்சு கிருமியைக் கொல்றது. அரிசி, ரவை, பருப்பு அந்த சூட்டைத் தாங்கும், பாஸ்தா பல சமயம் கொழகொழன்னு ஆயிடும், சில்லி மேக் தப்பிச்சது அதிசயம். அதனால அல்வா ஜெயிச்சா ஆச்சரியம் இல்ல.

கே (சென்னை): அப்ப ஒத்துக்கறீங்க!

ப: அல்வாவை ஒத்துக்கறேன், சோபாவை இல்ல.

கே (துபாய்): எங்கிட்ட பழைய பாக்கெட் ஒண்ணு இருக்கு, தேதியே இல்ல, 2145-ன்னு நம்பர் மட்டும் இருக்கு.

ப: அதுதான் தேதி. முதல் எண் வருஷத்தோட கடைசி எண், மிச்சம் மூணும் அந்த வருஷத்தோட எத்தனாவது நாள்னு. 2022-னா மே 25. ஆனா 2012-ஆவும் இருக்கலாம், அது பவுச்ல தெரியாது, அட்டைப்பெட்டில பாக்கணும். பெட்டில வட்டமா ஒரு ஸ்டிக்கர் இருக்கும், நடு வட்டம் சுத்து வளையத்தை விட கருத்துட்டா சூட்டுல கிடந்திருக்குன்னு அர்த்தம். பவுச் உப்பியிருந்தா பிரிச்சு மோந்து கூட பாக்காதீங்க, தூக்கிப் போடுங்க.

கே (ஈரோடு): அந்த சூயிங்கம் வயித்தைப் போக வெக்குமாமே?

ப: இல்ல. பல்லுக்காக சைலிட்டால்ங்கற இனிப்பு போட்டது, ஒரு துண்டுக்கு ஒண்ணும் ஆகாது.

கே (பெங்களூரு): வெஜ் இருக்கா?

ப: 24-ல நாலு. தக்காளி சாஸ் பாஸ்தா வகை பரவால்ல. கீரை போட்ட கிரீமி ஃபெட்டுசினி கையில வந்தா எதிரிக்குக் குடுங்க, மூணு மார்க்.

கே (சேலம்): பத்து வருஷப் பழசு சாப்பிடலாமா?

ப: துபாய்க்காரருக்கு சொன்னதைப் படிங்க.

கே (விழுப்புரம்): எக்ஸ்பைரி முடிஞ்சு போனது ஓகேவா அண்ணா?

ப: உப்பினா தூக்கிப் போடு, எத்தனை வாட்டி சொல்றது. உப்பலன்னாலும் பழசுல சீஸ் ஸ்ப்ரெட் காபிக்கலர் ஆயிருக்கும், பீனட் பட்டர் சிக்கு வாடை அடிக்கும், அப்புறம் என்னத்துக்கு தின்னணும்?

கே (சிங்கப்பூர்): ஊருக்கு ஃப்ளைட்ல எடுத்துட்டுப் போகலாமா?

ப: ஏர்லைன்கிட்ட கேளுங்க. ஹீட்டர் இருக்குன்னு மறைக்காம சொல்லிட்டுக் கேளுங்க.

கே (வேலூர்): டயட்டுக்கு தினமும் இதையே சாப்பிட்டா?

ப: ராணுவமே 21 நாளுக்கு மேல இதை மட்டும் குடுக்கறதில்ல. டாக்டரைப் பாருங்க.

கே (காஞ்சிபுரம்): சரி, முதல் தடவை வாங்கறவன் எதை வாங்கறது?

ப: சில்லி மேக். மாடு வேணாம்னா வெஜ் நாலுல ஃபெட்டுசினியை விட்டு எதுவும். கடைக்காரன்கிட்ட பெட்டியைக் காட்டச் சொல்லுங்க, காட்டலன்னா வாங்காதீங்க.